நாள் குறிப்பது யார்? வக்கீல் தன் இலவச நேரத்தை எங்கே கொடுப்பது

"சார், மாதம் எட்டு மணி நேரம் ஒதுக்க முடியும். ஃபீஸ் வாங்காமல் ஏதாவது செய்யலாம் என்று இருக்கிறேன். ஆலோசனை மையத்தில் உட்காரட்டுமா, ஒரு கேஸ் எடுத்து நடத்தட்டுமா, இல்லை ஏதாவது தொண்டு அமைப்புக்கு எழுத்து வேலை செய்து கொடுக்கட்டுமா?"

நான்கு வருடம் பிராக்டீஸ் முடித்த ஒரு ஜூனியர் கேட்டது இது. கேட்டதே நல்ல விஷயம். பலர் கேட்காமலேயே எதிலாவது பெயரைக் கொடுத்துவிட்டு மூன்றாவது மாதம் காணாமல் போய்விடுகிறார்கள். ஆனால் எட்டு மணி நேரம் என்ற கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு சனிக்கிழமை காலைகளில் நான்கு நான்கு மணி நேரம் உட்கார்ந்தாலும் எட்டுதான். எந்த வாரம் வரும் என்றே தெரியாத ஒரு செவ்வாய்க்கிழமை, வழக்கைக் கூப்பிடும் வரை கோர்ட்டில் காத்துக் கிடந்தாலும் எட்டுதான். முதலாவதில் நாளை நாம் குறிக்கிறோம். இரண்டாவதில் நீதிமன்றம் குறிக்கிறது.

அதனால் பதில் சொல்வதற்கு முன் நான் அவரிடம் ஒன்று கேட்டேன். அடுத்த ஆறு மாதத்துக்கு உங்கள் டைரி யார் கையில் இருக்கிறது? உங்கள் கையிலா, சீனியர் கையிலா?

இலவசப் பணிகளை ஒப்பிட எத்தனையோ அளவுகோல் சொல்வார்கள். எத்தனை பேருக்குப் பயன், எவ்வளவு ஆழமான பயன், நமக்கு என்ன அனுபவம் கிடைக்கும் என்று. எல்லாம் சரிதான். ஆனால் அவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது நாள் குறிப்பது யார் என்ற கேள்விதான் என்பது என் அனுபவம். காசு கொடுக்கும் கட்சிக்காரர், வக்கீல் சரியாக வரவில்லை என்றால் கேஸ் கட்டை வாங்கிக்கொண்டு வேறு ஆளைப் பார்ப்பார். கொடுக்க முடியாமல் வந்தவருக்கு அந்த வழி கிடையாது. பாதியில் நின்றுபோன உதவி அவரைப் பழைய இடத்தில் விடுவதில்லை. இடையில் கெடு தேதிகள் ஓடிவிடும், காகிதங்கள் யாரிடமோ தங்கிவிடும். அவர் முன்பு நின்ற இடத்தைவிடக் கீழே போய்விடுவார்.

சரி, முதலில் எதை இலவச சட்டப் பணி என்று சொல்வது? ப்ரோ போனோ என்பது 'பொது நன்மைக்காக' என்று பொருள்படும் லத்தீன் தொடரின் சுருக்கம். அந்தப் பெயருக்குள் என்னென்னவோ அடைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2007 முதல் ஒரு தேசிய இலக்கு இருக்கிறது: ஒரு வக்கீலுக்கு வருடம் 35 மணி நேரம். கட்டாயமில்லை, விருப்பப்பட்டவர்கள் சேரலாம். அந்த இலக்கைவிட, எதையெல்லாம் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அவர்கள் வைத்திருக்கும் பட்டியல்தான் எனக்குப் பிடிக்கும். பிறகு ஃபீஸ் வாங்கப்போகும் கட்சிக்காரருக்கு முதல் ஆலோசனையை மட்டும் சும்மா கொடுத்தால் சேராது. ஜெயித்தால் ஃபீஸ் என்று வியாபாரக் கணக்கில் எடுத்த வழக்கு சேராது. அரசு சட்ட உதவி நிதியிலிருந்து பணம் வரும் வழக்கு சேராது. தொண்டு அமைப்பின் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்த நேரம் சேராது. கொடுக்க வசதி உண்டா இல்லையா என்று பார்க்காமல் யாருக்கோ இலவசமாகச் செய்து கொடுத்ததும் சேராது. (மச்சானுக்கு எழுதிக் கொடுத்த வாடகை ஒப்பந்தம் என்று மனதுக்குள் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்.) கறாரான சல்லடைதான். ஆனால் இதில் ஒருமுறை சலித்துப் பார்த்தால், நாம் செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கும் சேவையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரிந்துவிடும்.

அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதி 6.1, வருடம் 50 மணி நேரத்தைக் குறிக்கோளாகச் சொல்கிறது. அதில் பெரும்பகுதி வசதி இல்லாதவர்களுக்குப் போக வேண்டும். நியூயார்க் மாநிலம் ஒரு படி மேலே போய், அங்கே வக்கீலாகப் பதிவு செய்ய வருபவர்களே 50 மணி நேரம் சட்டம் சார்ந்த இலவசப் பணி முடித்திருக்க வேண்டும் என்று 2015 முதல் கேட்கிறது. இந்தியாவில் மணிக்கணக்கு எதுவும் இல்லை. வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி 46, ஏழைகளுக்கும் ஒடுக்கப்பட்டவர்களுக்கும் இலவசமாக உதவுவது சமூகத்துக்கு வக்கீல் செய்ய வேண்டிய மிக உயர்ந்த கடமைகளில் ஒன்று என்கிறது. கூடவே, வக்கீலின் பொருளாதார நிலைக்கு உட்பட்டு என்றும் சொல்கிறது. வாடகை கொடுக்கவே திணறும் இளம் வக்கீல்கள் அந்தச் சொற்களைக் குற்ற உணர்ச்சி இல்லாமல் படிக்கலாம்.

மேசையும் அதன் பின்கதவும்

லண்டனில் டாயின்பீ ஹால் என்ற சமூக சேவை மையத்தில் 1898-இல் 'ஏழையின் வக்கீல்' என்ற பெயரில் இலவச ஆலோசனை தொடங்கியது. இன்றும் அங்கே ஆலோசனை நடக்கிறது. வடிவமும் பெரிதாக மாறிவிடவில்லை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு ஆளுக்கு இருபது, முப்பது நிமிடம். நாள் குறிப்பது நாம். இந்தச் சனிக்கிழமை முடியாது என்றால் இன்னொருவர் உட்காரலாம், யாருக்கும் நஷ்டமில்லை. டைரி தன் கையில் இல்லாத வக்கீலுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

எளிதான வேலை என்று நினைத்து வந்துவிடக் கூடாது. பை நிறையக் காகிதத்தோடு வருவார்கள். நோட்டீஸ் வந்த கவரைப் பிரிக்காமலேயே வைத்திருப்பவர்களும் உண்டு. பயம்தான் காரணம். பக்கத்து வீட்டுச் சண்டை, மகனுக்கு வேலை, பென்ஷன், இருபது வருடத்துக்கு முந்திய பாகப்பிரிவினை எல்லாம் ஒரே மூச்சில் வரும். அதற்குள் சட்டக் கேள்வி எது என்று பிரித்தெடுப்பதே பாதி வேலை. அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது தேதியை. நோட்டீஸ் எப்போது வந்தது, பதில் கொடுக்க எத்தனை நாள், தீர்ப்பு என்றால் மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள். விஷயத்தை அரைகுறையாகப் புரிந்துகொண்டு தேதியைச் சரியாகப் பிடித்த வக்கீல் ஒருவரைக் காப்பாற்றிவிடலாம். தேதியைக் கோட்டைவிட்டவரின் சட்ட ஞானத்தால் அங்கே ஒரு பயனும் இல்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒரு பக்கத்துக் கதையை மட்டும் கேட்டுவிட்டுக் கருத்துச் சொல்கிறோம். காகிதம் பார்க்காமல் சொல்லும் ஆலோசனை ஜோசியம் மாதிரி. அப்புறம், எதிர்த்தரப்புச் சிக்கல் ஒன்று உண்டு. மேசைக்கு வந்தவர் புகார் சொல்லும் வங்கிக்கு நம் அலுவலகமே ஆஜராகிக்கொண்டிருக்கலாம். இப்படிக் குறுகிய நேர ஆலோசனை சொல்பவர் எல்லாக் கோப்பையும் தேடிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதால், அமெரிக்க மாதிரி விதிகளில் 2002-இல் 6.5 என்ற விதியைச் சேர்த்தார்கள். இப்படி ஒரு முரண்பாடு இருப்பது வக்கீலுக்குத் தெரிந்திருந்தால் மட்டுமே அது தடை. எல்லா நாட்டிலும் இந்தச் சலுகை எழுத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உட்காரும் முன் மையத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் மேசையை மதிப்பிட நான் பார்ப்பது அதன் பின்கதவை. அதாவது, இருபது நிமிடத்தில் தீராத விஷயத்தை எங்கே அனுப்புவார்கள்? வழக்கை எடுத்து நடத்த ஆள் இருக்கிறதா? நாம் சொன்னதை எழுதி ஒரு பிரதியை வந்தவர் கையில் கொடுக்கிறார்களா? அடுத்த வாரம் அவர் மறுபடி வந்தால், உட்கார்ந்திருக்கும் புது வக்கீலுக்கு அந்தக் குறிப்பு கிடைக்குமா? இவற்றுக்குப் பதில் இல்லாத மையத்தில் வருடக்கணக்கில் உட்கார்ந்தாலும் அது திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் நடத்துவது மாதிரிதான். அந்த நேரத்துத் தாகம் தீரும், அவ்வளவே.

ஒரு வழக்கை முழுவதுமாக எடுப்பது

பெரும்பாலான இளம் வக்கீல்களின் மனதில் இருப்பது இதுதான். கறுப்புக் கோட்டுப் போட்டதே இதற்குத்தானே. ஆனால் இங்கேதான் நாளை அடுத்தவர் குறிக்கிறார்.

ப்ளோரிடாவில் 1961-இல் கிளாரன்ஸ் ஏர்ல் கிதியோன் என்பவர் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் புகுந்து திருடியதாகக் கைதானார். வக்கீல் வைக்கக் காசில்லை, நீதிமன்றம் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று கேட்டார். மரண தண்டனை வழக்குக்குத்தான் அப்படி நியமிக்க முடியும் என்று நீதிபதி மறுத்துவிட்டார். தனக்குத் தானே வாதாடித் தோற்று, ஐந்து வருடத் தண்டனையோடு சிறைக்குப் போனார். அங்கிருந்து பென்சிலால் எழுதிய மனு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் அவருக்காக நியமித்த ஏப் ஃபோர்டாஸ் கட்டணமில்லாமல் வாதாடினார். கடுமையான குற்ற வழக்குகளில் வசதியில்லாதவருக்கு மாநிலமே வக்கீல் தர வேண்டும் என்று 1963 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. எல்லாச் சட்ட மாணவர்களும் படிக்கும் கதை இதுவரைதான்.

மிச்சக் கதை எனக்கு இன்னும் முக்கியம். அந்தத் தீர்ப்பால் கிதியோன் விடுதலை ஆகவில்லை. மறு விசாரணைக்குத்தான் வந்தார். சிவில் உரிமை அமைப்பு அனுப்பிய வெளியூர் வக்கீல்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உள்ளூர்க்காரரான பிரெட் டர்னரைக் கேட்டு வாங்கினார். டர்னருக்கு அந்த ஊரும் சாட்சிகளும் தெரியும். முதல் விசாரணையில் ஒரு டாக்சி டிரைவர், "என்னை ஏற்றிக்கொண்டதை யாரிடமும் சொல்லாதே" என்று கிதியோன் தன்னிடம் சொன்னதாகச் சாட்சி சொல்லியிருந்தார். கேட்டால் குற்றவாளியின் பேச்சு மாதிரியே இருக்கும். டர்னர் அதே டிரைவரிடம், இதற்கு முன்னாலும் அவர் இப்படிச் சொன்னது உண்டா என்று கேட்டார். எப்போதும் சொல்வார், மனைவியோடு ஏதோ தகராறு என்று பதில் வந்தது. முக்கிய அரசுத் தரப்புச் சாட்சியின் நம்பகத்தன்மையும் குறுக்கு விசாரணையில் ஆட்டம் கண்டது. ஜூரி சுமார் ஒரு மணி நேரத்தில் விடுதலை செய்தது.

வரலாறு நினைவில் வைத்திருப்பது ஃபோர்டாஸை. கிதியோனை வீட்டுக்கு அனுப்பியவர் டர்னர். இரண்டுமே தேவைதான். ஆனால் நம்மால் எதைச் செய்ய முடியும் என்று பார்க்கும்போது இவை இரு வேறு வேலைகள். மேல்முறையீட்டில் ஆவணம் முடிவாகிவிட்டது, படிக்க வேண்டியது கையில் இருக்கிறது, ராத்திரி உட்கார்ந்து எழுதலாம், வாதத்துக்குக் குறிப்பிட்ட நாள் வரும். விசாரணை அப்படியல்ல. சாட்சி வரமாட்டார், நீதிபதி விடுப்பில் இருப்பார், வாய்தா மேல் வாய்தா ஓடும். டைரி கையில் இல்லாதவருக்கும் கேஸ் நடத்தும் ஆசை இருந்தால் முழு விசாரணையை விட்டுவிட்டு ஒரு ஜாமீன் மனு, ஒரு மேல்முறையீட்டுக் குறிப்பு, ஒரு சமரசப் பேச்சு என்று துண்டாக ஒன்றை எடுக்கலாம். எது வரைக்கும் நம் பொறுப்பு என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கட்சிக்காரருக்கு அது புரிந்ததா என்று அவர் வாயால் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

இதை ஏட்டில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு பெண்மணியின் சம்பள பாக்கி வழக்கை ஃபீஸ் இல்லாமல் எடுத்தேன். முதல் வருடம் சரியாகப் போனேன். பிறகு காசு வரும் ஒரு நீண்ட வழக்கின் விசாரணை இன்னொரு நீதிமன்றத்தில் அதே நாட்களில் விழ ஆரம்பித்தது. இரண்டு முறை வாய்தா வாங்கினேன். மூன்றாவது முறை, கோப்பைப் படிக்காத ஒருவரை அனுப்பினேன். அவரும் வாய்தாதான் வாங்கினார். ஒவ்வொரு முறையும் அந்த அம்மாள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து திரும்பிப் போனார். நான்காவது முறை பார்த்தபோது கேட்டார்: "ஃபீஸ் கொடுத்திருந்தா வந்திருப்பீங்களா சார்?" கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியும், சொல்ல முடியவில்லை. வழக்கைப் பிறகு முடித்துக் கொடுத்தேன். ஆனால் அன்றைக்கே முடிவு செய்தேன், இனி இலவச வழக்கு எடுத்தால் தனியாக எடுப்பதில்லை. வக்காலத்தில் இரண்டு பேர் கையெழுத்து, இரண்டு பேருக்கும் கோப்பு மனப்பாடம். ஒருவருக்கு வேறு வேலை விழுந்தால் மற்றவர் நிற்பார்.

ஒருமுறை வக்காலத்துப் போட்டுவிட்டால் பல இடங்களில் நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் விலக முடியாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இலவசம் என்பது ஃபீஸுக்குத்தான். கடமை, ரகசியம் காப்பது, தவறு செய்தால் வரும் பொறுப்பு எதிலும் தள்ளுபடி கிடையாது. தொழில் காப்பீடு இருந்தால் அது இலவச வேலைக்கும் பொருந்துமா என்று முன்பே கேட்டுவிட வேண்டும்.

செலவு விஷயத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நம் உழைப்பு இலவசம், சரி. நகல் கட்டணம், மொழிபெயர்ப்பு, மருத்துவ அறிக்கை, சாட்சியின் பயணச் செலவு எல்லாம் யார் கொடுப்பது? பேசாமல் தொடங்கினால் நடு வழியில் இரண்டு பேருக்கும் சங்கடம். இன்னொன்று: இலவசமாக நடத்திய வழக்கில் ஜெயித்தால், தோற்றவர் செலவுத் தொகை கொடுக்க வேண்டியதில்லையா? கட்டணமே வாங்காதபோது ஈடுகட்ட என்ன இருக்கிறது என்று எதிர்த்தரப்பு கேட்கும். இங்கிலாந்தில் 2007-ஆம் ஆண்டின் சட்ட சேவைகள் சட்டம் 194-ஆம் பிரிவில் இதற்கு ஒரு வழி வைத்தது. தோற்றவர் அந்தத் தொகையைக் கொடுக்க வேண்டும், ஆனால் அது வக்கீலுக்குப் போகாமல், நீதி கிடைக்க உதவும் அமைப்புகளுக்குப் பணம் கொடுக்கும் ஒரு அறக்கட்டளைக்குப் போகும். மற்ற நாடுகளும் இதைப் பார்த்துச் செய்யலாம்.

அரசு சட்ட உதவிக் குழுவில் பெயர் கொடுப்பது

இதையும் சேவை என்றே பலர் சொல்கிறார்கள். மேலே சொன்ன சல்லடைப்படி இது ப்ரோ போனோ ஆகாது, ஏனென்றால் அரசு ஒரு தொகை கொடுக்கிறது. குறைவான தொகையாக இருக்கலாம், தாமதமாக வரலாம், ஆனால் அது கூலிதான். அதில் தவறொன்றும் இல்லை. உண்மையில், இளம் வக்கீலுக்குத் தனியாக ஒரு வழக்கை ஆரம்பம் முதல் கடைசி வரை நடத்தும் அனுபவம் இங்கே கிடைக்கும் அளவுக்கு வேறெங்கும் சீக்கிரம் கிடைக்காது. நாள் குறிப்பது நீதிமன்றம், வழக்கைத் தேர்ந்தெடுப்பதும் நாமல்ல. அந்த இரண்டுக்கும் தயாராக இருப்பவர்கள் போகலாம்.

இதை ஏன் இங்கே இழுக்கிறேன் என்றால், தனிப்பட்ட முறையில் ஒருவருக்கு இலவசமாக வழக்கு நடத்த முன்வரும் முன், அரசிடமிருந்தே அவருக்கு உரிமையாக உதவி கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தம் அரசியலமைப்பில் 39ஏ என்ற பிரிவைச் சேர்த்து இலவச சட்ட உதவியை அரசின் பொறுப்பாக்கியது. 1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கு வந்தது. விசாரணையே முடியாமல் பீகார் சிறைகளில் வருடக்கணக்கில் கிடந்தவர்களுக்காக வக்கீல் புஷ்பா கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1987-இல் இயற்றிய சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 12-ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் போன்றவர்களுக்கு வருமானம் பார்க்காமலே சட்ட உதவி உண்டு. இது தெரியாமல் தானே சுமந்துகொண்டு, பிறகு சுமக்க முடியாமல் இறக்கி வைத்த வக்கீல்களைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, கூடவே போய்ச் சேர்த்துவிட்டு வந்திருந்தால் ஒரு மணி நேர வேலை. அந்த உதவியின் தரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது என்பதும் உண்மைதான். அது சரியில்லாத இடத்தில் நாம் எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

அமைப்புகளுக்கு எழுத்து வேலை

கோர்ட்டுக்கே போகாத வக்கீல்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒப்பந்தம், நிறுவனச் சட்டம், வரி என்று அலுவலகத்திலேயே தொழில் செய்பவர்கள். இவர்களை ஆலோசனை மேசையில் உட்கார வைத்து ஜீவனாம்சம் பற்றிக் கேட்பது, கண் டாக்டரிடம் பல்லைக் காட்டுவது மாதிரி. அவர்களுக்கான வேலை தொண்டு அமைப்புகளின் அலமாரியில் கிடக்கிறது. அறக்கட்டளைப் பத்திரம், துணை விதிகள், ஊழியர் நியமனக் கடிதம், கட்டட வாடகை ஒப்பந்தம், நன்கொடையாளரோடு போட்ட ஒப்பந்தத்தில் சிக்கலான ஒரு பத்தி. இதில் யார் கண்ணிலும் நீர் வராது, பத்திரிகையில் பெயரும் வராது. ஆனால் முதியோர் இல்லம் ஒன்றின் வாடகை ஒப்பந்தத்தில், மூன்று மாத முன்னறிவிப்பில் காலி செய்யச் சொல்லலாம் என்றிருந்த வரியை ஒரு வருடமாக மாற்றிக் கொடுப்பது, அங்கே இருக்கும் அத்தனை பேருக்கும் செய்த உதவி. நாள் குறிப்பது பெரும்பாலும் நாம்தான். என் கணிப்பில் மிகக் குறைவாக மதிக்கப்படும் வேலையும், மணி நேரத்துக்கு மிக அதிகப் பலன் தரும் வேலையும் இதுதான்.

எச்சரிக்கை ஒன்று. நாலைந்து முறை நன்றாகச் செய்து கொடுத்தால், எங்கள் நிர்வாகக் குழுவில் வந்து உட்காருங்கள் என்பார்கள். கௌரவம்தான். ஆனால் உட்கார்ந்த பிறகு நீங்கள் வக்கீலா, அறங்காவலரா? கூட்டத்தில் போகிற போக்கில் சொன்ன ஒரு வாக்கியத்தைச் சட்டக் கருத்தாக எடுத்துக்கொண்டு முடிவு செய்துவிடுவார்கள். நாளை கணக்கில் கோளாறு வந்தால் பொறுப்பு உங்கள் மீதும் விழும். குழுவில் சேர்ந்தால் அந்த அமைப்பின் சட்ட வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

விழிப்புணர்வு முகாம்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். மேடை, ஒலிபெருக்கி, அடிப்படை உரிமைகள் பற்றி நாற்பது நிமிட உரை, குழுப் படம். கேட்டவர்களில் யாருக்கும் புகார் மனுவில் தேதி போட வேண்டும் என்பதுகூடத் தெரிந்திருக்காது. முகாமுக்குத்தான் போவேன் என்றால் கூட்டத்தை மாற்றுங்கள். மக்கள் முதலில் யாரிடம் போகிறார்களோ, அந்தச் செவிலியருக்கும் ஆசிரியருக்கும் சங்கத் தலைவிக்கும் சொல்லிக் கொடுங்கள். பாஸ்டனில் 1993-இல் ஒரு குழந்தை மருத்துவர், வீட்டின் ஈரச் சுவரால் மூச்சுத் திணறி வரும் குழந்தைகளுக்கு மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை, வீட்டுக்காரரைக் கேட்க ஒரு வக்கீல் வேண்டும் என்று மருத்துவமனைக்குள்ளேயே வக்கீலைக் கொண்டுவந்தார். பிறகு அந்த முறை வேறு பல மருத்துவமனைகளுக்கும் பரவியது. சட்டப் பிரச்சினை, அந்தப் பெயரோடு நம்மிடம் வருவதில்லை. அது வந்து நிற்கும் வாசலில் இருப்பவருக்கு அடையாளம் காணத் தெரிந்திருந்தால் போதும்.

இனி, சட்டத்துக்குச் சம்பந்தமில்லாத தொண்டு. பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிப்பது, மரம் நடுவது, வெள்ளத்துக்குப் பிறகு அரிசி மூட்டை தூக்குவது. வக்கீலின் ஒரு மணி நேரத்தை வண்ணம் அடிப்பதில் வீணாக்கலாமா என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. கணக்கு சரி. ஆனால் மூட்டை தூக்கியபோது பழகிய ஒருவர்தான், ஆறு மாதம் கழித்து, "சார், வீட்டுப் பத்திரம் வெள்ளத்தில் போயிடுச்சு, என்ன செய்யுறது?" என்று கேட்பார். அலுவலகப் பலகையைப் பார்த்து உள்ளே வர அவருக்குத் தைரியம் வந்திருக்காது. அதனால் போங்கள், மனசுக்காகப் போங்கள். அதை ப்ரோ போனோ கணக்கில் மட்டும் எழுத வேண்டாம்.

எதற்குமே நேரம் இல்லாதவருக்கு இன்னொரு வழி இருக்கிறது, சொன்னால் வக்கீல்களுக்குக் கோபம் வரும்: பணம் கொடுங்கள். மேலே சொன்ன மாதிரி விதி 6.1-கூட, வசதியற்றவர்களுக்குச் சட்ட உதவி செய்யும் அமைப்புகளுக்கு வக்கீல்கள் பணமும் கொடுக்க வேண்டும் என்று சேர்த்தே சொல்கிறது. ஜீவனாம்ச வழக்கைத் தினமும் நடத்தும் முழுநேர வக்கீல் ஒரு மணியில் முடிப்பதை, வருடத்துக்கு ஒருமுறை தொடும் நிறுவனச் சட்ட வக்கீல் ஆறு மணி நேரத்தில் தடுமாறிச் செய்வார். அந்த ஆறு மணி நேரம் தன் தொழிலில் சம்பாதிப்பதை அந்த முழுநேர வக்கீலின் சம்பளத்துக்குக் கொடுத்தால் கட்சிக்காரருக்கு லாபம். நமக்குத்தான் கதை சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

அந்த ஜூனியரின் விஷயத்துக்கு வருகிறேன். அவர் டைரி அவர் கையில் இல்லை. காலையில் சீனியர் எந்தக் கோர்ட்டுக்குப் போகச் சொல்கிறாரோ அங்கே போக வேண்டும். ஆகவே விசாரணை வழக்கு இப்போது வேண்டாம் என்றேன். சிவில் பக்கம் பழக்கம் இருப்பதால் மேசையில் உட்காரலாம், பின்கதவு இருக்கும் மையமாகப் பார்த்துச் சேருங்கள் என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். வாதாட ஆசைப்பட்டு வந்தவரை உட்கார்ந்து காகிதம் பார்க்கச் சொன்னால் எப்படி இருக்கும்? இருந்தாலும் சேர்ந்தார். மாதம் இரண்டு சனிக்கிழமை. கூடப் படித்த தோழி ஒருவரையும் சேர்த்துக்கொண்டார்.

ஐந்தாவது மாதம், ஒரு சனிக்கிழமை மதியம் போன் வந்தது. ஒரு பெரியவர் தீர்ப்பு நகலோடு வந்திருக்கிறார், மேல்முறையீட்டுக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது, மையத்தில் வழக்கு எடுக்கும் வக்கீல் ஊரில் இல்லை. "எடுக்கட்டுமா சார்? சீனியரிடம் இன்னும் கேட்கவில்லை."

"ஆவணம் எல்லாம் இருக்கிறதா?"

"இருக்கு சார்."

"தோழி கூட இருக்கிறாரா?"

"பக்கத்தில்தான் இருக்கிறாள்."

"அப்படியென்றால் இரண்டு பேரும் வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்கள். மேல்முறையீடு வரைக்கும்தான் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். சீனியரிடம் நான் பேசுகிறேன்."

போனை வைத்த பிறகுதான் நாட்காட்டியைப் பார்த்தேன். மூன்று நாளில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை.